இரண்டாவது சாட்சி

அன்று காலை மாமியார் தன் டீயைத் தானே போட்டுக்கொண்டாள்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பைக் காலையில் பற்றவைப்பவள் மருமகள். ஜுரம் அடித்தாலும் அவள்தான். கை சுட்டுக் கட்டுப் போட்டிருந்த வாரத்திலும் இடது கையால் அவள்தான். மாமியார் ஹாலில் உட்கார்ந்தபடியே "ஆச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். "ஆச்சு அத்தை" என்ற பதிலோடு டம்ளர் வரும். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குப் பொழுது விடியும்.

இன்று மருமகள் குளித்துவிட்டு வருவதற்குள் அடுப்பில் பாத்திரம் ஏறியிருந்தது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கிடந்தது. மாமியார் அதைத் துடைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரே ஒரு டம்ளரில் ஊற்றி, முந்தானையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"நான் போட்டிருப்பேனே அத்தை..."

"எதுக்கும்மா? உன் வீட்டு அடுப்பு. கேக்காம பத்தவெச்சிட்டேன், மன்னிச்சுக்கோ."

மருமகள் ஈரத்துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு மேடையை, பிறகு சுத்தமாக இருந்த அலமாரிக் கதவை. ஒரு மாதமாக அவள் இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கிறாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்து நிற்கிறாள். கை ஓய்ந்தால் மனசு பேச ஆரம்பித்துவிடும் என்ற பயம்.

வீட்டில் அவளுக்கு டைப்பிஸ்ட் என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் ஆறு வருஷம் டைப் அடித்தவள். "கடை லெட்டரெல்லாம் இனிமே நீதான் அடிச்சுத் தரணும் டைப்பிஸ்டம்மா" என்று மாமனார் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவர் கண்ணாடி வெட்டுகிறவர். கீழே பட்டறை, மேலே வீடு. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று எதற்கானாலும் அளவு சொன்னால் வெட்டிக் கொடுப்பார். நாற்பது வருஷம் வெட்டியதில் அந்தத் தெருவில் கண்ணாடிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பட்டறைக் கண்ணாடித் துணுக்கு கால்சட்டை மடிப்பில் ஒளிந்துகொண்டு மாடி வரை ஏறி வந்துவிடும். அதனால் அந்த வீட்டில் எல்லோரும் உள்ளேயும் செருப்போடுதான் நடப்பார்கள். வெறுங்காலோடு இங்கே நுழைகிறவன் ஒன்று விருந்தாளி, இல்லாவிட்டால் திருடன் என்பார் கண்ணாடிக்காரர்.

அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று பதினோரு மணிக்கு வக்கீல் ஆபீசில் அவருடைய உயிலைப் பிரிக்கிறார்கள்.

உயிலில் என்ன இருக்கிறது என்பது மூன்று நாளைக்கு முன்பே வீட்டில் தெரிந்துபோய்விட்டது. சொன்னது பாலீஷ்காரர். கண்ணாடி விளிம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்குவது அவர் வேலை. முப்பது வருஷமாகப் பட்டறையில் இருக்கிறார். தங்கமான மனுஷன், வாய்தான் ஓட்டை. மாமியாரிடம் துக்கம் பேச வந்தவர், போகிற போக்கில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதலாளி உயில் எழுதின அன்றைக்கு இவரும் டைப்பிஸ்டம்மாவும் மட்டும்தான் மேலே இருந்தார்களாம். கடையும் வீடும் டைப்பிஸ்டம்மாவுக்கு என்று முதலாளி படித்துக் காட்டினாராம். ரெண்டு சாட்சி வேண்டும், பக்கத்துக் கடை டெய்லரைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று இவர் கேட்டாராம். வேண்டாம், நானே போடுகிறேன் என்று டைப்பிஸ்டம்மா சொன்னாராம்.

அன்றோடு வீட்டில் பேச்சு நின்றது. மாமியார் அலமாரிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். புருஷன்காரன், அதாவது அந்த வீட்டு மூத்த பிள்ளை, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். போகும்போது படியில் நின்று, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான். வெளியே சொல்ல முடியாத காரணம் ஒன்று அவளிடம் இருந்தது. அதை அவன் அறியவில்லை.

ஒன்பது மணிக்கு நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். வீட்டில் பேசும்போதும் கையில் சாக்பீஸ் இருப்பது போலவே பேசுவாள். பின்னாலேயே சின்னவன். அவனுக்குக் குடும்பம் இல்லை, வருஷத்துக்கு ஒரு தொழில் உண்டு. இந்த வருஷம் பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர். பக்கத்துப் பெரிய கடைக்காரர்கள் வண்டி நிறுத்த இடமில்லாமல் இந்த மூலைக் கட்டடத்தைக் கேட்கிறார்கள் என்ற செய்தியை அவன் இரண்டு வருஷமாக மடியில் கட்டிக்கொண்டு அலைகிறான். அப்பா இருந்தவரை அதை அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

நாத்தனார் உட்காரக்கூட இல்லை.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டெய்லரை ஏன் வேண்டாம்னீங்க? விஷயம் வெளிய போயிடும்னுதானே?"

டைப்பிஸ்ட் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளர்கள்தான்.

"பதில் சொல்லுங்க. அம்மா என் வீட்டுக்கு ரெண்டே ரெண்டு நாள்தான் வந்திருந்தாங்க. அந்த ரெண்டு நாள்ல வேலையை முடிச்சிட்டீங்க. அப்பாவுக்கு மாத்திரை குடுத்தீங்க, உடம்பு துடைச்சு விட்டீங்க, எல்லாம் சரி. அதுக்குக் கூலி இதுவா?" அவள் குரல் கொஞ்சம் தழைந்தது, ஆனால் வார்த்தை தழையவில்லை. "பிள்ளையா குட்டியா, யாருக்காக அண்ணி சேத்து வெக்கறீங்க?"

டம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. எவர்சில்வர் டம்ளர், உடையவில்லை. அந்த வீட்டில் இதை யாரும் இதுவரை அவள் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. மாமியார்கூடக் கேட்டதில்லை. இப்போது மாமியார் நாற்காலியில் அசையாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. கதவருகே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்ற மூத்தவன் காதிலும் அது விழுந்தது. கேட்டுவிட்டு, கீழே இறங்கிப் போனான். அதுதான் அவளுக்கு வலித்தது. நாத்தனார் கேட்டது அப்புறம்தான்.

"வேன்ல ஏறுங்க, நேரமாச்சு" என்று சின்னவன் சாவியை ஆட்டினான். அவன் ஒருவன்தான் அன்றைக்கு உற்சாகமாக இருந்தான். உயில் அண்ணி பேரில் இருந்தால் கேஸ் போடலாம், அதற்கு ஆள் பார்த்துவிட்டேன் என்று அம்மாவின் காதில் அவன் சொன்னது சமையலறை வரை கேட்டது.

கண்ணாடி ஏற்றுகிற வேன் அது. இரண்டு பக்கமும் சாய்வாக மரச்சட்டம், அதில் பழைய கம்பளித் துணி சுற்றியிருக்கும். முன்னால் சின்னவனும் மாமியாரும். பின்னால் நாத்தனார், மூத்தவன், பாலீஷ்காரர், ஒரு ஓரத்தில் டைப்பிஸ்ட். சாட்சிகளும் வரவேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்ததால்தான் பாலீஷ்காரர் வந்தார். தான் என்னவோ செய்துவிட்டோம் என்று மட்டும் அவருக்குப் புரிந்திருந்தது. வழி நெடுகத் தன் தேய்ந்த விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டைப்பிஸ்டுக்குப் பயமாக இருந்தது. பயம் சொத்து போய்விடுமோ என்பது அல்ல. சொத்து வந்துவிடுமோ என்பதுதான்.

அந்த மத்தியானம் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. மூத்தவன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் மாட்டப் போயிருந்தான். மாமனார் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி, பட்டறையிலிருந்து அளவுத்தாள் கட்டைக் கொண்டு வரச் சொன்னார். ஆர்டர் எடுக்கிற தாள் அது. அகலம், உயரம், கனம் என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். வக்கீலிடம் போய் எழுதுங்கள் மாமா என்றாள். வக்கீல் கேள்வி கேட்பான், எனக்கு மூச்சில்லை என்றார். வீடும் கடையும் உனக்கு என்றார்.

"வேண்டாம் மாமா. அத்தை பேர்ல எழுதுங்க."

"உங்க அத்தை பேர்ல எழுதினா, சின்னவன் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினா போதும், தூக்கிக் குடுத்துடுவா. மூத்தவனுக்குக் கண்ணாடி வெட்டத் தெரியும், முடியாதுன்னு சொல்லத் தெரியாது. தம்பி நீட்டற எதுலயும் கையெழுத்துப் போட்டுடுவான். நீதான் அசைய மாட்ட."

மூன்று தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை அவருக்கு இருமல் வந்து முகம் நீலம் பாரித்தது. அவர் மனசு கலங்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் சரி என்றாள். அவர் எழுத ஆரம்பித்தார்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, இந்தத் தாள் பிரிக்கப்படுகிற நாளை நினைத்துப் பார்த்தாள். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். நாற்பது வருஷம் அந்த வீட்டை ஆண்டவள் கடைசிக் காலத்தில் மருமகள் வீட்டில் அண்டிப் பிழைக்கிறவள் ஆகிவிடுவாள். கட்டடத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இந்த மனுஷர் குடும்பத்தை உடைக்கிறார். படுக்கையில் கிடக்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது?

அப்போதுதான் அந்த வரி ஞாபகம் வந்தது. வக்கீல் ஆபீசில் ஒவ்வொரு உயிலின் அடியிலும் அவள் விரல் தானாக அடித்த வரி. சாட்சிகள் இருவரும் இந்த உயிலால் எந்தப் பயனும் அடையாதவர்கள். ஏன் சார் இதை எல்லாவற்றிலும் போடுகிறோம் என்று ஒருநாள் கேட்டபோது பெரிய வக்கீல் சொல்லியிருக்கிறார். சொத்து வாங்குகிறவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் செல்லும், அவருக்கு எழுதினது மட்டும் செல்லாது. அந்தச் சொத்து, மீதியெல்லாம் யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ அவரிடம் போய்விடும்.

மாமனார் கடைசி வரியை எழுதி நிறுத்தினார். மீதி எல்லாம் என் மனைவிக்கு. பாத்திரம் பண்டம், சேமிப்பு, தன் கைக்கடிகாரம் என்று அவர் நினைத்து எழுதிய மீதி.

சாட்சிக்குக் கீழேயிருந்து கூப்பிட்ட பாலீஷ்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, டெய்லரைக் கூப்பிடட்டுமா என்றார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பொய் சொல்வானேன், ஆசை இருந்தது. பதினோரு வாடகை வீடு மாறி வளர்ந்தவள் அவள். மூட்டையோடு மூட்டையாகத் தெருவில் நின்ற நாட்கள் இன்னும் மறக்கவில்லை. தன் பேரில் ஒரு வாசற்படி... பிள்ளையில்லாத பெண்ணுக்கு நாளைக்கு யார் இருக்கிறார்கள், எது இருக்கிறது? டெய்லரைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனாவைப் பிடித்தபடி அவள் ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு இரண்டாவது சாட்சி என்று எழுதி, தன் முழுப் பெயரை, ஒரு எழுத்து குறையாமல், கையெழுத்தாகப் போட்டாள்.

"இப்பதான் எனக்கு நிம்மதி டைப்பிஸ்டம்மா" என்று மாமனார் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்து அந்த நிம்மதியோடேயே போய்ச் சேர்ந்தார். சாகிற மனுஷரை ஏமாற்றிவிட்டோமே என்ற நினைப்பு காலில் ஏறின துணுக்கு மாதிரி அவளுக்குள்ளேயே இருந்தது. நடக்கும்போதெல்லாம் உறுத்தியது.

இதையெல்லாம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். எப்படிச் சொல்வது? சொன்னால், ஏன் அவர் பெண்டாட்டிக்கு எழுதவில்லை என்ற கேள்வி வரும். உங்கள்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை அத்தை என்று எந்த வாயால் சொல்வது? மருமகள் மயக்கிவிட்டாள் என்று நினைத்துத் திட்டித் தீர்த்தால் அத்தைக்கு மனசு ஆறும். செத்தவரைத் திட்ட வேண்டியதாகிவிட்டால் எப்போதும் ஆறாது. அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தின சட்டம். நடுவில் மாற்றியிருந்தால்? யாரிடம் கேட்பது? மாற்றியிருந்தால் இன்றைக்கு வீடு அவள் பேருக்கு வந்துவிடும். அப்புறம் அவள் எது சொன்னாலும் எடுபடாது. திருடி என்ற பேர் நிலைத்துவிடும். வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவள் கை மரச்சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. எதிரே மூத்தவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

மருந்துக்கடைக்கு மேலே, அவள் டைப் அடித்த அதே ஆபீஸ், அதே குறுகலான படி. பெரிய வக்கீல் இப்போது இல்லை, அவர் மகள் இருக்கிறாள். வக்கீலம்மா டைப்பிஸ்டைப் பார்த்ததும் கண்ணால் ஒரு நொடி சிரித்தாள், பிறகு வேலையைப் பார்த்தாள். உறையைப் பிரித்து, அளவுத்தாளை மேஜையில் விரித்துப் படித்தாள். கண்ணாடி கொண்டுபோகிற வேன் சின்னவனுக்கு. ஹாலில் மாட்டியிருக்கிற ஆளுயரக் கண்ணாடி மகளுக்கு. கடையும் வீடும்...

"மூத்த மருமகளுக்கு" என்று படித்தாள்.

தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வாய்விட்டுப் படித்தபோது மாமியாரின் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"மீதி எல்லாம் என் மனைவிக்கு" என்று முடித்துவிட்டு, வக்கீலம்மா தாளின் அடியைப் பார்த்தாள். பார்த்தவள் நிமிரவில்லை. முதல் சாட்சி யார் என்று கேட்டாள். பாலீஷ்காரர் கையைத் தூக்கினார். இரண்டாவது சாட்சி யார் என்று கேட்டாள்.

"நான்தான்" என்றாள் டைப்பிஸ்ட். 

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "சாட்சி போட்டவங்களுக்கு உயில்ல எதுவும் போகாது. சட்டம் அப்படி. உயில் செல்லும், இந்த ஒரு வரி மட்டும் செல்லாது. கடையும் வீடும் மீதியோட சேந்து அம்மாவுக்குப் போயிடும்."

சட்டம் மாறவில்லை. டைப்பிஸ்ட் ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

"அப்ப அண்ணிக்கு?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

சின்னவன்தான் முதலில் சிரித்தான். தன் கையாலேயே தன் வாயில் மண்ணைப் போட்டுக்கொண்டாள் பார்த்தாயா அம்மா என்றான். அவசரத்தில் அகப்பட்டதில் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான் என்றான். வக்கீலம்மா அவனைச் சிரித்து முடிக்க விட்டாள். பிறகு எழுந்து, பின்னால் இருந்த அலமாரியிலிருந்து பழைய ஃபைல் ஒன்றை உருவி, தூசியைத் தட்டி மேஜையில் வைத்தாள்.

"இது எங்க அப்பா காலத்து உயில் நகல். இந்த மாதிரி இருநூறு, முந்நூறு இருக்கும். எல்லாத்துலயும் கடைசி வரியைப் படிச்சுப் பாருங்க. சாட்சிகள் பயன் அடையாதவங்கன்னு இருக்கும். அதை அடிச்சவங்க யாரு தெரியுமா?" அவள் விரல் டைப்பிஸ்டின் பக்கம் நீண்டது. "அவசரத்துல போட்டவங்களா இவங்க? இந்தச் சட்டம் தெரியாத ஆளு இந்த ரூம்ல யாரு வேணாலும் இருக்கலாம். இவங்க இல்ல."

சின்னவனின் சிரிப்பு பாதியில் நின்றது. நாத்தனார் ஃபைலைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று புரட்டினாள். டீச்சர் அல்லவா, சரிபார்க்காமல் நம்ப மாட்டாள். நான்காவது பக்கத்தில் கையை எடுத்துவிட்டாள்.

மாமியார் பாலீஷ்காரர் பக்கம் திரும்பினாள். மூன்று நாளாகக் குற்றப்பத்திரிகை மாதிரி சொல்லிக்கொண்டிருந்த அதே விஷயத்தை, இப்போது வேறு குரலில் கேட்டாள்.

"டெய்லரைக் கூப்பிடட்டுமான்னு நீங்க கேட்டீங்கல்ல... இவ என்ன சொன்னா? அப்படியே சொல்லுங்க."

"வேண்டாம், நானே போடறேன்னாங்கம்மா. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதேதான் சொன்னாங்க." பாலீஷ்காரர் எச்சிலை விழுங்கினார். "போடறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்கம்மா. கண்ணு கலங்கியிருந்துச்சு. முதலாளி நிலைமையைப் பாத்துன்னு நினைச்சேன்."

மூத்தவன் எழுந்து சுவரோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாற்பத்தெட்டு வயசு ஆள், தோள் குலுங்கியது. சற்று நேரம் கழித்துத் திரும்பி, "என்கிட்டயாவது..." என்று ஆரம்பித்தான்.

"சொன்னா நீங்க அன்னிக்கே அத்தைகிட்ட போய்ச் சத்தம் போட்டிருப்பீங்க" என்றாள் அவள். "அப்புறம் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் நிம்மதி போயிருக்கும்."

"மூணு நாளா வாங்கிக்கட்டிக்கிட்டியே... அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் மாமியாரைப் பார்த்தாள், தலை குனிந்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே அடுப்பைச் சுற்றி வந்தவர்களுக்கு அது போதும்.

"எனக்கு ஏன் எழுதலைன்னு உன்கிட்ட சொன்னாரு. அதானே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை..."

"சின்னவன் அழுதா நான் கரைஞ்சிடுவேன்னாரு."

டைப்பிஸ்டுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாமியார் மெதுவாகத் தலையை ஆட்டினாள். கோபத்தில் ஆட்டினது இல்லை. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிற மாதிரி ஆட்டினாள்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அந்த மனுஷனுக்கு என்னைத் தெரியும்." குரல் அங்கேதான் உடைந்தது. "அதை என் காதுல போடாம இருக்கத்தான் நீ திட்டு வாங்கினியா? அடிப்பாவி... காலைல அடுப்பைப் பத்தி என்னென்னமோ சொன்னேனே. என் பொண்ணு கேட்ட கேள்வியைக் கேட்டுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தேனே..."

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு நாற்காலியை நகர்த்தி அண்ணியின் அருகில் வந்து நின்றாள். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது. டைப்பிஸ்ட் வாங்கிக்கொண்டாள். மனசு சமாதானம் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது, பிள்ளையா குட்டியா என்ற வார்த்தை ஒரே நாளில் போகிற வார்த்தை இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

இந்த நேரம் பார்த்துச் சின்னவன் அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். எல்லாம் நல்லதுக்குத்தான் அம்மா, இனி எல்லாம் உன் கையில் என்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றான். தனக்கு வாழ்க்கையில் ஒன்றுமே நிலைக்கவில்லை என்று சொல்லும்போது அவன் குரல் நிஜமாகவே தழுதழுத்தது, கண் நிஜமாகவே நிறைந்தது. நடிப்பு என்று சொல்ல முடியாது. அவன் அழுகை எப்போதும் நிஜம்தான், அதுதான் அதன் பலம்.

டைப்பிஸ்டுக்கு மறுபடி பயம் வந்தது. அவள் செய்த காரியத்தின் மறுபக்கம் இதுதான். அத்தைக்கு வீட்டைக் கொடுத்தாள். அத்தை இப்போது கரைந்தால், மாமனார் பயந்தது நடந்துவிடும். பட்டறை போகும், மூத்தவனுக்குத் தெரிந்த ஒரே தொழில் போகும், அந்த மாடி போகும்.

மாமியாரின் கை சின்னவனின் தலைமேல் போயிற்று. முடியைக் கோதியது. கண்ணில் நீர் கட்டியது. கரைந்துதான் போனாள், பெற்ற வயிறு அல்லவா.

"அழாதடா" என்றாள். "உனக்கும் அந்த வீட்டுல இடம் உண்டு. இருக்கறதுக்கு. விக்கறதுக்கு இல்ல."

கையை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கே என் உயிலையும் எழுதிடுங்கம்மா. நாளைக்கு இவன் வந்து அழுவான். நானும் அழுவேன். எழுதியாச்சுடான்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு காகிதம் வேணும். உயிலை மாத்தலாம்னு எனக்கும் தெரியும், அதனால நான் உயிரோட இருக்கறவரைக்கும் மூணு பிள்ளைங்களும் சேந்து கையெழுத்துப் போடாம ஒரு செங்கல்லும் விக்கக் கூடாதுன்னு தனியா ஒரு பத்திரமும் போட வழி இருந்தா போடுங்க."

வழி இருக்கிறது என்றாள் வக்கீலம்மா. இரண்டு சாட்சி வேண்டும் என்றாள்.

மாமியார் அறையைச் சுற்றிலும் பார்த்தாள். பார்வை மருமகளிடம் வந்து நின்றது.

"நீ எழுந்திரு. வெளிய போய் உக்காரு."

"அத்தை?"

"பேனா இருக்கற ரூம்ல உன்னை நம்ப முடியாது. போ வெளிய. கதவைச் சாத்திக்கோ."

பாலீஷ்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். அழுதுகொண்டிருந்த நாத்தனாருக்கும் வந்தது. மூத்தவன் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். அவள் தாண்டும்போது, ராத்திரி படுக்கையை மேலே கொண்டு வந்துடறேன் என்று மெல்லச் சொன்னான். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நடைவழியில் ஒரு நீள பெஞ்சு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் உயில் எழுத வந்தவர்கள் அதில் உட்கார்ந்திருப்பார்கள், அவள் உள்ளே அடித்துக்கொண்டிருப்பாள். இன்று முதல் தடவையாக அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே வக்கீலம்மாவின் ஆள் கம்ப்யூட்டரில் அடிப்பது லேசாகக் கேட்டது. அந்தக் காலத்து மிஷினாக இருந்தால் எத்தனை வரி என்றுகூடச் சொல்லியிருப்பாள், இதில் ஒன்றும் பிடிபடவில்லை. கதவின் அந்தப் பக்கம் தன் பெயர் அடிபடுகிறது என்று மட்டும் தெரிந்தது. எழுந்து ஓடித் தடுக்க வேண்டும் என்று ஒருமுறை கால் பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தாள். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். துடைக்க ஒன்றும் இல்லை, கழுவ ஒன்றும் இல்லை. கைகள் சும்மா கிடந்தன.

கதவு திறக்க முக்கால் மணி ஆயிற்று. மாமியார் தனியாக வந்தாள். பெருவிரலில் மை நீலமாக ஒட்டியிருந்தது. நடந்து வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். கழுத்துச் சங்கிலியிலிருந்து அலமாரிச் சாவியை உருவி மருமகளின் மடியில் போட்டாள். மருமகள் பதறி எழுந்தாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வேறொன்று வந்தது.

"ஆச்சா அத்தை?"

மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மையும் கண்ணீருமாக அந்தக் கை மருமகளின் முதுகில் படிந்தது.

"ஆச்சு" என்றாள்.